ஜூரியின் தீர்ப்பு எங்கே உருவாகிறது: தேர்விலா, மூடிய அறையிலா?

அமெரிக்க நீதிமன்றங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. மனவியல் தெரிந்த வக்கீல்கள் ஜூரியை, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவை, தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே வழக்கை ஜெயித்துவிட முடியுமா? முன்பின் அறியாத பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் போய் எப்படி ஒரே முடிவோடு வெளியே வருகிறார்கள்? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பார்த்தால் இரண்டுமே தப்பாகப் புரியும்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய வயது, தொழில், நிறம், உடை இவற்றைப் பார்த்து அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று கணிப்பதில் வக்கீல்களுக்கு உள்ள திறமை மிகச் சிறியது. சாட்சியம் வலுவாக இருந்தால் ஜூரியில் யார் உட்கார்ந்தாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். சாட்சியம் எந்தப் பக்கமும் தெளிவாகச் சாயாத வழக்குகளில்தான் தேர்வுக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் தேர்வு முக்கியமாக மாற்றுவது கூட்டத்தின் அமைப்பை: மாற்றுக் கருத்துள்ள ஒருவர் அந்த அறையில் தனித்து நிற்கிறாரா, துணைக்கு இன்னொருவர் இருக்கிறாரா என்பதை.

நடைமுறையிலிருந்து தொடங்கலாம். வாக்காளர் பட்டியலிலிருந்தும், பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் குலுக்கல் முறையில் பெயர்கள் எடுத்து அழைப்பாணை அனுப்புவார்கள். சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் நியாயமாகப் பிரதிபலிக்கும் பட்டியலிலிருந்து ஜூரி வர வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு விதித்தது. நடப்பில் வக்கீல்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டல் முடிந்துவிடுகிறது. அடிக்கடி வாடகை வீடு மாறுபவருக்கு அழைப்பாணை போய்ச் சேராது. நாள்கூலி வாங்குபவர் கூட்டாட்சி நீதிமன்றம் தரும் நாளொன்றுக்கு 50 டாலர் படியை நம்பி மூன்று வாரம் உட்கார முடியாது. கஷ்டம் சொல்லி விலக்குக் கேட்பார், நீதிபதியும் கொடுத்துவிடுவார். ஜூரியின் முகம் மாறுவதில் இந்தக் கட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மனவியல் ஆலோசகர்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அடுத்து வோர் டயர் என்று அழைக்கப்படும் கேள்வி நேரம். இங்கே யாரும் யாரையும் பொறுக்கி எடுப்பதில்லை, நீக்க மட்டுமே முடியும். நீக்கத்தில் இரண்டு வகை. ஒருவர் பாரபட்சமானவர் என்று காரணம் காட்டி நீக்கக் கோரலாம். இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, ஆனால் நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் எதுவும் சொல்லாமலும் நீக்கலாம். இதற்கு வரம்பு உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மரண தண்டனை வழக்கு என்றால் இரு தரப்புக்கும் தலா 20. மற்றப் பெருங்குற்றங்களில் அரசுத் தரப்புக்கு 6, குற்றம் சாட்டப்பட்ட தரப்புக்கு 10. சிறு குற்றங்களிலும் சிவில் வழக்குகளிலும் தலா 3.

நீக்கும் முறையும் முக்கியம். சில நீதிமன்றங்களில் பன்னிரண்டு பேரை முதலில் ஜூரி இருக்கைகளில் உட்கார வைத்து, நீக்கப்பட்டவரின் இடத்தில் அடுத்தவரை உட்கார வைப்பார்கள். வேறு சில இடங்களில் வந்தவர்கள் எல்லோரையும் முதலில் கேள்வி கேட்டு முடித்து, காரண நீக்கங்களையும் முடித்துவிட்டு, மிஞ்சிய முழுப் பட்டியலில் இரு தரப்பும் பெயர்களை அடிப்பார்கள். முதல் முறையில் அடுத்து யார் வந்து உட்காரப்போகிறார் என்பது தெரியாது. அங்கே வக்கீல்கள் செய்யும் பொதுவான பிழை, ஓரளவு பிடிக்காத ஒருவர்மீது கடைசி வாய்ப்பைச் செலவழிப்பது. காலியான நாற்காலியில் அவரைவிட மோசமான ஒருவர் வந்து உட்காருவார். கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அனுபவசாலிகள் ஒன்றையாவது கடைசிவரை வைத்திருப்பார்கள்.

இப்போது கேள்விகள். "நீங்கள் நடுநிலையாக இருப்பீர்களா?" என்பதைவிடப் பயனற்ற கேள்வி கிடையாது. நீதிபதி உயரத்தில் அமர்ந்திருக்க, அறிமுகமில்லாத நாற்பது ஐம்பது பேர் முன்னால் "மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இதற்கு நல்ல சான்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இர்வின் எதிர் டவுட் வழக்கு. பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்த கொலை வழக்கு அது. அழைக்கப்பட்ட 430 பேரில் 268 பேர் குற்றவாளி என்று தீர்மானமாக நம்பியதால் நீக்கப்பட்டார்கள். கடைசியில் அமர்ந்த 12 பேரில் 8 பேர் அவர் குற்றவாளி என்றுதான் நினைப்பதாகக் கேள்வி நேரத்திலேயே சொன்னவர்கள். ஆனாலும் நியாயமாக நடப்போம் என்று உறுதி தந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை. தன் மனம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்துச் சொல்லும் திறன் மனிதருக்குக் குறைவு, அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் அந்த உறுதியை ஏற்காமல் தண்டனையை ரத்து செய்தது.

நல்ல கேள்வி இரண்டு பதில்களுக்கும் சமமான மரியாதை தரும். "காவல்துறை அதிகாரி ஒருவர் சாட்சி சொன்னால் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக நம்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாச் சாட்சிகளையும் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் நெருக்கம்?" இப்படிக் கேட்டுவிட்டு வக்கீல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் வந்ததும் எதிர்வாதம் செய்யக் கூடாது, நன்றி சொல்லிவிட்டு, "இவர் சொன்னதைப் போல வேறு யாருக்காவது தோன்றுகிறதா?" என்று மற்றவர்களிடம் அதைக் கொண்டுபோக வேண்டும். முதல் கை உயரத்தான் நேரமாகும். ஒருவர் வெளிப்படையாகப் பேசி, அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை என்று தெரிந்ததும் அடுத்தடுத்துக் கைகள் உயரும். இளம் வக்கீல்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். தங்களுக்குப் பாதகமான பதில் வந்தால் பதறி, அந்த ஆளைத் திருத்த முயல்கிறார்கள். மீதிப் பேர் பாடம் கற்றுக்கொண்டு மௌனமாகிவிடுகிறார்கள். பாரபட்சம் எங்கும் போகவில்லை. அது இப்போது ஜூரி அறைக்குள் போகப்போகிறது.

வெளிவந்த கருத்தைக் காரண நீக்கமாக மாற்ற இன்னொரு படி உண்டு. அந்தக் கருத்து எத்தனை காலமாக இருக்கிறது, எவ்வளவு உறுதியானது, சாட்சியம் கேட்பதற்கு முன்பே ஒரு தரப்பு பின்தங்கியிருக்கிறதா என்பதை அவர் வாயாலேயே பதிவில் வரவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், எதிர்த்தரப்போ நீதிபதியோ "ஆனாலும் சட்டம் சொல்கிறபடி நடப்பீர்கள் அல்லவா?" என்று ஒரே கேள்வி கேட்பார். ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்பார்கள். நீக்கக் கோரிக்கை அங்கேயே செத்துவிடும். 1987இல் வெளியான ஒரு பரிசோதனையில், வக்கீல் கேட்டபோது இருந்ததைவிட நீதிபதி கேட்டபோது மக்கள் தங்கள் உண்மையான கருத்திலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு விலகிப் பதில் சொன்னார்கள். பல கூட்டாட்சி நீதிமன்றங்களில் கேள்வி கேட்பது பெரும்பாலும் நீதிபதிதான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எதற்கும் கை தூக்காதவர்கள் தனிப் பிரச்சினை. வாஷிங்டன் டி.சி.யில் ஒரு நீதிபதி, பொதுக் கேள்விகளுக்கெல்லாம் மௌனமாக இருந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தனியே அழைத்து விசாரித்துப் பார்த்தார். கணிசமான பேரிடம் வழக்குக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்திகள் இருந்தன. வெட்கத்தாலோ கேள்வி புரியாததாலோ சொல்லவில்லை. பாலியல் வன்முறை, குடும்பத்தில் சிறை சென்றவர் போன்ற விஷயங்களைக் கூட்டத்தில் கேட்கவே கூடாது. எழுத்து வடிவக் கேள்வித்தாளில் கேட்டு, தேவைப்பட்டால் நீதிபதியின் அறையில் தனியே பேசுவதுதான் சரியான வழி.

இவ்வளவு செய்தும் கணிப்பு எவ்வளவு தேறுகிறது? அறிவியல் முறை ஜூரித் தேர்வு என்ற துறைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது ஹாரிஸ்பர்க் எழுவர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்த பாதிரியார் பிலிப் பெரிகனும் மற்றவர்களும் அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரைக் கடத்தத் திட்டமிட்டதாகக் குற்றச்சாட்டு. பென்சில்வேனியாவில் பழைமைவாதம் வேரூன்றிய பகுதியில் விசாரணை. சமூகவியலாளர் ஜே ஷுல்மன் தலைமையில் ஒரு குழு அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. படித்தவர்கள் தாராளப் போக்குள்ளவர்கள் என்பது வக்கீல்களின் வழக்கமான கணக்கு. அந்த ஊரில் அது பொய்த்தது. உள்ளூர்த் தரவு இல்லாமல் பொது நம்பிக்கையை வைத்து நீக்கியிருந்தால் தவறான ஆட்களை நீக்கியிருப்பார்கள். 1972இல் முக்கியக் குற்றச்சாட்டில் ஜூரி 10க்கு 2 என விடுதலை பக்கம் நின்று, முடிவுக்கு வராமல் கலைந்தது. இது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. ஆனால் தண்டிக்க வேண்டும் என்று நின்ற இருவரில் ஒருவர், மனச்சாட்சி காரணமாகப் போர்ச் சேவையை மறுத்த நான்கு மகன்களின் தாய். குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல்கள் தங்களுக்குச் சாதகமானவர் என்று மனமார நம்பி ஏற்றுக்கொண்டவர் அவர். தனி ஆளைக் கணிப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஜெய்சலும் ஷாரி டயமண்டும் சிகாகோவில் செய்த ஒரு நல்ல சோதனையை 1978இல் வெளியிட்டார்கள். 12 குற்ற வழக்குகளில் வக்கீல்கள் நீக்கியவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் நீதிமன்றத்திலேயே உட்கார வைத்து, விசாரணை முழுவதையும் கேட்கச் செய்து, அவர்களிடமும் தீர்ப்புக் கேட்டார்கள். வக்கீல்களின் நீக்கம் சில வழக்குகளில் உதவியிருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் செய்யவில்லை, சிலவற்றில் தங்களுக்கே பாதகமாகியிருக்கிறது. பொதுவாக வயது, பாலினம், கல்வி, தொழில் எல்லாம் சேர்ந்தும் தீர்ப்பில் காணும் வேறுபாட்டில் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விளக்குவது அரிது. அதைவிடச் சற்று மேலானது வழக்கின் மையப் பொருளைப் பற்றிய மனப்பான்மை: மரண தண்டனை வழக்கில் அந்தத் தண்டனை பற்றிய கருத்து, நஷ்டஈட்டு வழக்கில் "மக்கள் எதற்கெடுத்தாலும் வழக்குப் போடுகிறார்கள்" என்ற எரிச்சல். கேள்விகளை அங்கே குவிப்பதுதான் புத்திசாலித்தனம்.

மரண தண்டனை வழக்குகளில் இந்த மனப்பான்மையே சட்டப்படி வடிகட்டப்படுகிறது. அந்தத் தண்டனையைப் பொதுவாக எதிர்க்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நீக்கக் கூடாது என்று 1968இல் விதர்ஸ்பூன் வழக்கு சொன்னது. கடமையைச் செய்வதற்கு அந்தக் கருத்து பெரிய தடையாக இருந்தால் நீக்கலாம் என்று 1985இல் விட் வழக்கு வரம்பைத் தளர்த்தியது. விளைவு என்னவென்றால், தண்டனை பற்றிய கேள்வியால் வடிகட்டப்பட்ட ஜூரி, குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வியிலும் அரசுத் தரப்புப் பக்கம் சாய்ந்ததாக அமைகிறது. இன்னொன்றும் நடக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே நாள் கணக்கில் "குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை தருவீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், குற்றம் நிரூபணமாகத்தான் போகிறது என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் குடியேறுகிறது. கிரேக் ஹேனியின் 1984 ஆய்வு இதைக் காட்டியது. 1986இல் லாக்ஹார்ட் வழக்கில் இத்தகைய ஆய்வுகள் முன்வைக்கப்பட்டும், இந்த வடிகட்டலில் அரசியலமைப்பு மீறல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை நீண்ட காலம் கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து துடைத்தெறியப் பயன்பட்டது. 1986இல் பேட்சன் வழக்கு, இனத்தின் அடிப்படையில் நீக்கக் கூடாது என்றது. 1994இல் பாலினத்துக்கும் அது விரிந்தது. நடைமுறை மூன்று படிகள்: எதிர்த்தரப்பு சந்தேகத்துக்கான அடிப்படையைக் காட்ட வேண்டும், நீக்கியவர் இனம் சாராத ஒரு காரணம் சொல்ல வேண்டும், அது உண்மையா சாக்கா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும். இரண்டாம் படியில் சொல்லும் காரணம் நம்பும்படியாகக்கூட இருக்க வேண்டியதில்லை என்று 1995இல் தீர்ப்பு வந்தது. அப்புறம் என்ன? "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை", "கவனமாக இல்லை" என்று எதையும் சொல்லலாம். கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவரை மிசிசிப்பி மாநிலம் ஒரே வழக்கில் ஆறு முறை விசாரித்தது. ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. கடைசித் தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் எல்லா வக்கீல்களும் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. மனவியல் அதைவிடச் சிக்கலானது. சாமுவேல் சாமர்ஸ், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்பாளர்களை அரசு வக்கீலாகக் கற்பனை செய்யச் சொல்லி இரண்டு ஜூரர்களின் விவரங்களைக் கொடுத்தார்கள். எந்த விவரம் கறுப்பினத்தவருடையது என்பதை மட்டும் மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். எப்படி மாற்றினாலும் கறுப்பினத்தவரே அதிகம் நீக்கப்பட்டார். அவருடைய விவரத்தில் எது இருந்ததோ அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. முடிவு முதலில், காரணம் பின்னால். இப்படியிருக்கும்போது உள்நோக்கத்தைத் தேடும் பேட்சன் முறை எப்படிப் பிடிக்கும்? வாஷிங்டன் மாநிலம் 2018இல் கொண்டுவந்த விதி உள்நோக்கத்தை விட்டுவிட்டு, நடுநிலையாகப் பார்ப்பவருக்கு இனம் ஒரு காரணியாகத் தோன்றுமா என்று கேட்கிறது. காவல்துறைமீது நம்பிக்கையின்மை போன்ற வழக்கமான சாக்குகளைத் தொடக்கத்திலேயே சந்தேகத்துக்குரியவையாக வைக்கிறது. அரிசோனா 2022 தொடக்கத்திலிருந்து இந்த நீக்க உரிமையையே எடுத்துவிட்டது. இங்கிலாந்து 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், கனடா 2019இலும் எடுத்துவிட்டன. எடுத்துவிடுவதே சரி என்பது என் கருத்து, ஆனால் ஒரு நிபந்தனையோடு: காரண நீக்கத்தில் நீதிபதிகள் தாராளமாக இருக்க வேண்டும், கேள்விக்குப் போதிய நேரம் தர வேண்டும்.

இனி அறைக்குள் போவோம்.

சாட்சியங்கள் துண்டு துண்டாக வருகின்றன. ஜூரர்கள் அவற்றைத் துண்டுகளாக நினைவில் வைப்பதில்லை. யார், எதற்காக, எதைச் செய்தார், என்ன ஆயிற்று என்று ஒரு கதையாகக் கோக்கிறார்கள். பிறகு அந்தக் கதை எந்தக் குற்றப் பிரிவுக்குப் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி இருவரும் ஒரே சாட்சியங்களை வரிசை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அரசுத் தரப்புச் சாட்சியம் கதை வரிசையிலும் எதிர்த்தரப்புச் சாட்சியம் கலைந்தும் வந்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அதையே திருப்பிப் போட்டபோது 31 சதவீதம். தேர்வுக்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியையாவது சாட்சிகளின் வரிசைக்குச் செலவழிக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேட்ட ஒன்றைக் கேட்காததாக வைக்கச் சொல்வதும் எளிதல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜூரி ஆய்வுத் திட்டத்தில், விபத்து ஏற்படுத்தியவருக்குக் காப்பீடு இல்லை என்று அறிந்த மாதிரி ஜூரிகள் (ஆய்வுக்காக அமைத்த பாவனை ஜூரிகள்) சராசரியாக 33,000 டாலர் நஷ்டஈடு தந்தன. காப்பீடு உண்டு என்று அறிந்தவை 37,000. அதே தகவல் வந்து, வக்கீல் ஆட்சேபித்து, நீதிபதி அதைப் புறக்கணிக்கச் சொன்னபோது 46,000. தடுத்ததும் தகவல் பெரிதாகிவிட்டது. அதனால்தான் தேர்ந்த வக்கீல்கள் சில நேரம் ஆட்சேபிக்காமல் கடந்துபோகிறார்கள்.

கலந்தாய்வின் முதல் அரைமணி நேரம் நிறைய விஷயங்களை முடிவுசெய்கிறது. ஜூரித் தலைவர் பெரும்பாலும் சில நிமிடங்களில் தேர்ந்தெடுக்கப்படுவார். மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தவர், சமூகத்தில் உயர்ந்த தொழில் உள்ளவர், முதலில் வாய் திறந்தவர் என்று தேர்வு போகும். பேச்சும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. 1950களில் நடந்த மாதிரி ஜூரி ஆய்வுகளில், பெரும்பாலான குழுக்களில் பன்னிரண்டு பேரில் மூன்று பேரே பாதிப் பேச்சையோ அதற்கும் மேலோ பேசினார்கள். அடுத்து வரும் முடிவு எல்லாவற்றையும்விடப் பெரியது: உடனே ஓட்டெடுப்பதா, முதலில் சாட்சியத்தைப் பேசுவதா? உடனே ஓட்டெடுத்தால் ஒவ்வொருவரும் ஓர் அணியின் ஆளாகிவிடுகிறார். பேசுவதெல்லாம் அணிக்கு ஆதரவான வாதம்தான். தாமதித்தால் நடந்தது என்ன என்பதைக் குழு சேர்ந்து கட்டுகிறது. ஹேஸ்டி குழுவினர் 1983இல் வெளியிட்ட 69 மாதிரி ஜூரிகளின் ஆய்வில் தனி ஜூரருக்குச் சாட்சியத்தில் சுமார் 60 சதவீதம் நினைவிருந்தது. நீதிபதியின் சட்ட அறிவுறுத்தலில் அதில் பாதிதான். குழுவாகச் சேர்த்துப் பார்த்தால் சாட்சியத்தில் 90 சதவீதத்துக்கு மேல், அறிவுறுத்தலில் 80 சதவீதம். இந்தக் கூட்டு நினைவு வெளியே வர வேண்டுமானால் எல்லோரும் பேச வேண்டும். முதல் ஓட்டு அதைத்தான் கெடுக்கிறது.

முதல் ஓட்டில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, பத்து வழக்கில் ஏறத்தாழ ஒன்பதில் அதுவே தீர்ப்பாகிறது. ஹாரி கால்வனும் ஜெய்சலும் 1966இல் காட்டிய இந்த முடிவு இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. இரு பக்கமும் சமமாக இருக்கும்போது விடுதலை அணிக்கு இழுப்புச் சற்று அதிகம். நியாயமான சந்தேகம் இருந்தால் தண்டிக்கக் கூடாது என்ற அளவுகோல் அவர்களுக்குத் துணை நிற்கிறது. எந்தப் பக்கம் உண்மையாக இருக்கச் சற்றேனும் வாய்ப்பு அதிகம் என்று மட்டும் பார்க்கும் சிவில் வழக்கின் அளவுகோலைப் போட்டுப் பார்த்தால் அந்த அனுகூலம் மறைந்துவிடுகிறது என்று 1988 ஆய்வு காட்டியது.

சிறுபான்மை எப்போது தாக்குப்பிடிக்கும்? சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோடுகளின் நீளச் சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. எந்தக் கோடு சம நீளம் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற எல்லோரும் தவறான பதில் சொல்லும்போது தனி ஆள் பல முறை வளைந்துகொடுத்தார். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அந்த வளைவு நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. எதிரே மூன்று பேர் இருந்தாலும் அதற்கு மேல் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. துணை இருக்கிறதா என்பதே கேள்வி.

1970இல் வில்லியம்ஸ் எதிர் ஃபுளோரிடா வழக்கில் ஆறு பேர் ஜூரி போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது. பெரும்பான்மையின் விகிதம்தான் முக்கியம், ஆகவே 5க்கு 1 என்பதும் 10க்கு 2 என்பதும் ஒன்றுதான் என்ற பொருளில் போயிற்று. மனவியல்படி அவை வேறு வேறு உலகங்கள். ஒரு ஊரில் பத்தில் ஒரு பங்கு மக்கள் ஒரு பிரிவினர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குலுக்கலில் 12 பேர் எடுத்தால் அந்தப் பிரிவினர் ஒருவராவது இருக்க 72 சதவீத வாய்ப்பு. 6 பேர் எடுத்தால் 47. இரண்டு பேராவது இருக்க 12இல் 34 சதவீதம். 6இல் 11 மட்டுமே. ஜூரியைப் பாதியாக்கினால் துணை கிடைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகிறது. ஐந்து பேர் போதாது என்று 1978இல் பேலியூ வழக்கில் கோடு போட்டார்கள். அதன் பிறகும் ஃபுளோரிடாவில் மரண தண்டனை அல்லாத பெருங்குற்றங்களை ஆறு பேரே தீர்மானிக்கிறார்கள். தேர்வில் ஒருவரை நீக்குவதன் உண்மையான எடையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பிரிவின் இரண்டு பேரில் ஒருவரை நீக்கிவிட்டால் போதும், மிஞ்சியவரை நீக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

கலப்பான ஜூரியால் கிடைப்பது ஓட்டு மட்டுமல்ல. சாமர்ஸ் 2006இல் ஆறு பேர் கொண்ட 29 மாதிரி ஜூரிகளை ஒப்பிட்டார். வெள்ளையர் மட்டும் இருந்த குழுக்களைவிடக் கலப்புக் குழுக்கள் கூடுதல் நேரம் பேசின, வழக்கின் விவரங்களைக் கூடுதலாக எடுத்தன, தவறாகச் சொன்னவை குறைவு. கவனிக்க வேண்டியது, அந்தக் குழுக்களில் வெள்ளையர்களே கூடுதல் கவனத்தோடு பேசினார்கள் என்பது.

கலந்தாய்வு எப்போதும் மிதப்படுத்தும் என்ற நம்பிக்கையும் தவறு. தண்டனை நஷ்டஈடு (இழப்பை ஈடுசெய்வதற்கு மேல், தண்டிப்பதற்காக விதிக்கும் தொகை) பற்றி 500க்கும் மேற்பட்ட மாதிரி ஜூரிகளை வைத்து ஷ்கேட், சன்ஸ்டீன், கானமன் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பேசி முடித்த பின் தொகை ஏறியது. நாலில் ஒரு பங்குக்கும் மேலான குழுக்களில் இறுதித் தொகை, பேசுவதற்கு முன் அந்தக் குழுவில் எவரும் மனத்தில் வைத்திருந்த மிக உயர்ந்த தொகைக்குச் சமமாகவோ அதைத் தாண்டியோ போனது. டாலருக்கு இயல்பான அளவுகோல் இல்லாததால் வக்கீல் கேட்கும் தொகையே ஜூரியின் எண்ணத்தைப் பிடித்துவைக்கும் நங்கூரமாகிறது. எதிர்த்தரப்பு "ஒன்றும் தர வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லி, மாற்றுத் தொகை எதையும் வைக்காமல் விடுவது ஆபத்தான உத்தி.

ஒருமித்த முடிவு தேவையில்லை என்றால் என்ன ஆகும்? தேவையான எண்ணிக்கை கிடைத்ததும் பெரும்பான்மைக்கு மீதிப் பேரைக் கேட்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது; சிறுபான்மையும் அதை உணர்ந்து குறைவாகப் பேசுகிறது. லூசியானா 1898இல் இந்த முறையைக் கொண்டுவந்ததே, ஜூரியில் இடம்பெறும் ஓரிரு கறுப்பினத்தவரின் குரலுக்கு மதிப்பில்லாமல் செய்யத்தான். 2020இல் ராமோஸ் வழக்கில்தான் பெருங்குற்றங்களுக்கு ஒருமித்த முடிவு எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாயிற்று. அதனால் தொங்கு ஜூரிகள், அதாவது முடிவுக்கு வராமல் கலையும் ஜூரிகள், பெருகும் என்ற பயம் அளவுக்கு மீறியது. கால்வன், ஜெய்சல் இருவரின் பழைய ஆய்வில் 5.5 சதவீதம், 2002இல் வெளியான பெருநகர ஆய்வில் சராசரி 6.2.

முட்டி நிற்கும் ஜூரிக்கு நீதிபதி தரும் உந்துதல் அறிவுரை 1896இன் ஆலன் வழக்கிலிருந்து வருகிறது. சிறுபான்மையினர் தங்கள் கருத்து நியாயமானதுதானா என்று மறுபடி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கேட்டபின் சிறுபான்மையினர் நெருக்கப்பட்டதாக உணர்ந்து மாறுகிறார்கள் என்று சோதனைகள் காட்டுகின்றன. புதிய காரணம் எதுவும் கிடைத்து மாறுவதில்லை. பல மாநிலங்கள் இதைக் கைவிட்டதோ இரு தரப்பையும் யோசிக்கச் சொல்லும்படி திருத்தியதோ நல்லதுதான். எந்த அம்சத்தில் சிக்கல் என்று கேட்டு, அதைப் பற்றி மட்டும் வக்கீல்களைச் சிறிது நேரம் வாதிட அனுமதிப்பது இதைவிட மேலான வழி.

ஜூரியில் உட்கார நேர்பவர்களுக்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் ஓட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டின் கூறுகளையும் அறிவுறுத்தலின் எழுத்துப் பிரதியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். பிரதி இல்லையென்றால் கேளுங்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எந்தச் சாட்சியம் தமக்கு முக்கியமாகப் பட்டது என்று சொல்லட்டும், எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டாம். ஓட்டெடுக்கும் நேரம் வந்தால் முதல் சுற்றை மடித்த சீட்டில் எடுங்கள். கை தூக்கிவிட்ட ஒருவர் பிறகு மாறுவது கௌரவப் பிரச்சினையாகிவிடும். இன்னமும் முட்டி நின்றால் நீதிபதிக்குக் குறிப்பு எழுதுங்கள். எந்தக் குற்றச்சாட்டு, எந்தக் கூறு, எந்தச் சாட்சியத்தை மறுபடி வாசிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். ஓட்டு எத்தனைக்கு எத்தனை என்பதை எழுதவே வேண்டாம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்த எண்ணை நீதிபதி கேட்பதே தவறு என்று 1926 முதல் விதி. எண் தெரிந்தால் அவர் சொல்லும் அடுத்த வார்த்தை அறைக்குள் தனித்து நிற்பவரை நோக்கியே சொல்லப்பட்டதாகக் கேட்கும்.